விழுந்தால்தான் புள்ளி: சிலுவெட் போட்டிக்கு இரும்பு விலங்குகளை நிறுத்தும் முறை

சிலுவெட் என்ற துப்பாக்கி சுடும் போட்டியில் காகித இலக்கு கிடையாது, வட்டம் கிடையாது, நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்று அளந்து பார்க்கும் வேலையும் கிடையாது. தூரத்தில் ஒரு தண்டவாளத் துண்டின் மேல், எஃகுத் தகட்டில் வெட்டிய கோழி நிற்கும். சுட்டால் அது விழ வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி, விழாவிட்டால் பூஜ்யம். குண்டு பட்டு, 'டங்' என்று சத்தம் வந்து, உருவம் ஆடித் திரும்பி, அப்படியே நின்றுவிட்டால் அதுவும் பூஜ்யம்தான்.

இந்த ஒரு விதியிலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது. சுடுகிறவரின் கை எவ்வளவு முக்கியமோ, அந்த உருவத்தை நிறுத்தி வைத்தவரின் கையும் அவ்வளவு முக்கியம். தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமிருந்து புதிதாக வருகிற நம் பிள்ளைகளை முதல் நாள் உருவம் அடுக்க அனுப்பினால் சிலருக்கு முகம் சுண்டிப்போகிறது. சுடலாம் என்று வந்தால் இரும்பு சுமக்கச் சொல்கிறார்களே என்ற வருத்தம். ஆனால் இரும்பு சுமந்தவருக்குத்தான் இந்த விளையாட்டு சீக்கிரம் பிடிபடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்கு விலங்கு, நான்கு தூரம்

இது மெக்சிகோவில் பிறந்த விளையாட்டு. உயிருள்ள விலங்குகளைக் கட்டிவைத்துச் சுடும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக, 1948-ல் மெக்சிகோ நகரத்தில் இரும்பு உருவங்களை வைத்துப் போட்டி நடத்தினார்கள். பிறகு அமெரிக்கா போய், அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவி, தென்னாப்பிரிக்காவுக்கும் வந்து சேர்ந்தது. விலங்குகள் மட்டும் மாறவே இல்லை: கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா.

பெரிய ரைஃபிள் போட்டியில் கோழி 200 மீட்டரில் நிற்கும். பன்றி 300, வான்கோழி 385, கடா 500. ரைஃபிளை நின்றபடி, எதிலும் சாயாமல், தோள்வார் இல்லாமல் பிடித்துச் சுட வேண்டும். கைத்துப்பாக்கிப் பிரிவில் இதே அளவு உருவங்கள் 50, 100, 150, 200 மீட்டரில் நிற்கும்.

கடாவின் நீளம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். கோழி ஓர் அடிதான். ஆனால் கடா 500 மீட்டரிலும் கோழி 200 மீட்டரிலும் நிற்பதால், சுடும் கோட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவாகத்தான் தெரியும். ஆகவே கடா பெரியது, சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூரம் கூடக்கூட காற்று குண்டைத் தள்ளும் தொலைவும் கூடும், குண்டின் வேகமும் வடிந்துகொண்டே போகும்.

நம்மில் பெரும்பாலோர் தொடங்குவது .22 ரிம்ஃபயர் என்ற சின்னக் குண்டு ரைஃபிள் பிரிவில்தான். அங்கே எல்லாமே ஐந்தில் ஒன்று. உருவமும் ஐந்தில் ஒரு பங்கு, தூரமும் ஐந்தில் ஒரு பங்கு: 40, 60, 77, 100 மீட்டர். 385-ஐ ஐந்தால் வகுத்தால் 77 வருவதைக் கவனித்தீர்களா? விநோதமான அந்த எண் அப்படித்தான் வந்தது. காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் பத்தில் ஒரு பங்கு உருவங்கள் 20, 30, 36, 45 கெஜத்தில் நிற்கும். கொஞ்சம் பெரிய வீட்டுமனை இருந்தாலே இதற்குப் போதும், ஆனால் பின்னால் நல்ல மண்மேடு இருந்தாக வேண்டும்.

உருவங்கள் ஐந்து ஐந்தாக வரிசையில் நிற்கும். ரைஃபிளில் ஐந்து குண்டுக்கு இரண்டரை நிமிடம். இடமிருந்து வலமாக, ஓர் உருவத்துக்கு ஒரு குண்டு. முதல் கோழி தப்பியதென்று அதையே திரும்பச் சுட முடியாது, இரண்டாவது குண்டு இரண்டாவது கோழிக்குத்தான். முறை மாறிச் சுட்டு விழுத்தினால் அது கணக்கில் சேராது. இதனால்தான் பல ரேஞ்சுகளில், அதாவது சுடும் மைதானங்களில், ஓர் ஐந்தை இடப்பக்கம் பார்க்கவும், அடுத்த ஐந்தை வலப்பக்கம் பார்க்கவும் நிறுத்துகிறார்கள். தொலைநோக்கியில் கண் வைத்ததும் என் வரிசை எது, பக்கத்துக்காரர் வரிசை எது என்று தெரிந்துவிடும். அடுக்குகிறவர் ஒரே ஒரு பன்றியைத் திசை மாற்றி வைத்துவிட்டால் ஒருவருடைய போட்டியே குழம்பிப்போகும்.

மேடையைச் சரிசெய்வது

உருவம் நிற்கும் மேடை என்பது பெரும்பாலும் பழைய தண்டவாளம், அல்லது கம்பத்தின் மேல் வைத்துப் பற்றவைத்த இரும்புச் சட்டம். முதலில் தூரம். லேசர் மீட்டரால் வரிசையின் இரண்டு முனைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நடுவில் மட்டும் அளந்துவிட்டு வந்தால் வரிசை கோணலாக இருப்பது தெரியாது.

அடுத்தது மட்டம். இதில்தான் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. ரசமட்டத்தை மேடையின் நீளவாக்கில் வைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அகலவாக்கில், அதாவது சுடுகிறவர் பக்கத்திலிருந்து பின்பக்கமாக வைத்துப் பார்ப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் பெரிய விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடாவின் எடைமையம் பாதத்திலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேடை பின்னோக்கி வெறும் 2 டிகிரி சாய்ந்திருந்தால், அந்த மையம் 1.2 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். பாதத்தின் ஆழம் 10 சென்டிமீட்டர் என்றால், மையத்திலிருந்து பின்விளிம்புக்கு 5 சென்டிமீட்டர். அது 3.8 ஆகக் குறைந்துவிட்டது. முன்னோக்கிச் சாய்ந்திருந்தாலோ 6.2 ஆகிவிடும். இரண்டு மேடையிலும் ஒரே கடா, ஒரே குண்டு, ஒரே இடத்தில் படுகிறது. ஒன்று விழும், ஒன்று நிற்கும்.

கடைசியாக இடைவெளி. ஓர் உருவம் விழும்போது பக்கத்து உருவத்தைத் தட்டிவிடக் கூடாது. நடுவில் குறைந்தது ஒரு விலங்கின் அகலமாவது காலியாக இருக்கட்டும்.

பாதம் எங்கே உட்கார்கிறது?

கடா விழுவது என்றால் என்ன? பின்விளிம்பை அச்சாகக் கொண்டு அது பின்னால் சாய்கிறது. எடைமையம் அந்த விளிம்பைத் தாண்டும் வரை தள்ளிவிட்டால் போதும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்ட வைக்கத் தேவையான தள்ளு, மையத்துக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. அந்தத் தூரம் பாதியானால் தேவையான தள்ளும் கிட்டத்தட்ட பாதியாகும்.

பாதம் முழுவதும் மேடையின் மேல் இருந்தால் சாயும் அச்சு பாதத்தின் பின்விளிம்பு. பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால் சாயும் அச்சு மேடையின் விளிம்பாக மாறிவிடும். மேலே சொன்ன கடாவை 2 சென்டிமீட்டர் வெளியே நீட்டி வைத்தால், 5 சென்டிமீட்டராக இருந்த தூரம் 3 ஆகிவிடும். தேவையான தள்ளு ஐந்தில் மூன்று பங்காக இறங்கிவிடும். கையால் பார்த்தால் இரண்டு விரற்கடைகூட இல்லை!

முழு அளவுக் கடா 20 கிலோவுக்கு மேல் இருக்கும். 500 மீட்டர் பறந்து வந்த .308 ரைஃபிள் குண்டு அதை விழுத்தத் தேவையான தள்ளுக்கு அருகில்தான் இருக்கும், தாராளமாக மிஞ்சியிருக்காது. கோழியிலும் பன்றியிலும் ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. கடாவில் அந்த ஒரு சென்டிமீட்டர் ஒருவருடைய பதக்கமாகவே இருக்கலாம்.

எந்தப் போட்டியில் பாதத்தை எங்கே வைப்பது என்பதைப் போட்டி விதிப்புத்தகம் சொல்லும், நடுவர் தொடக்கத்திலேயே அறிவிப்பார். முழுப்பாதமும் மேடையில், அல்லது பின்விளிம்போடு ஒட்டி, எதுவாக இருந்தாலும் சரி. காலை முதல் வரிசைக்கு எப்படி வைத்தோமோ, மாலை கடைசி வரிசைக்கும் அப்படியே வைக்க வேண்டும். வெயிலில் களைத்து, கை சோர்ந்து, "இது போதும்" என்று வைத்துவிட்டு வருவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய அநியாயம். அதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பாதத்தின் ஆழத்துக்கு ஏற்ப ஒரு மரத்துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். மேடையின் முன்விளிம்பில் அந்தத் துண்டை வைத்து, பாதத்தை அதில் முட்டும்வரை தள்ளினால் எல்லா உருவமும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் நிற்கும். பாதத்துக்கு அடியில் ஈயச் சிதறலோ கூழாங்கல்லோ இருக்கிறதா என்று கையுறையால் ஒரு தரம் துடைத்துவிட்டு வையுங்கள். ஈயத்துணுக்கு ஒன்று பாதத்தின் முன்பக்கம் மாட்டிக்கொண்டால் உருவம் பின்னால் சாய்ந்தே நிற்கும். காற்றடித்தாலே விழும். காற்றில் விழுந்தது யார் கணக்கிலும் சேராது, திரும்ப நடந்து போய் நிறுத்த வேண்டும்.

இப்போது சுடுகிறவர் பக்கம் வாருங்கள். பீரோவை மேலே பிடித்துத் தள்ளினால் சாயும், அடியில் தள்ளினால் சாயாது. கடாவும் அப்படித்தான். முதுகுத் தோள் உயரத்தில் பட்ட குண்டுக்கு நெம்புகோல் நீளம் அதிகம். வயிற்றுக்குக் கீழே, காலில் பட்டால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். வால் பக்கமோ மூக்கிலோ பட்டால் தள்ளு முழுவதும் உருவத்தைச் சுழற்றுவதிலேயே போய்விடும். கடாவை நூறு முறை தூக்கி நிறுத்தியவருக்கு அதன் எடை எங்கே தங்கியிருக்கிறது என்பது கையிலேயே பதிந்துவிடும். அவர் குறிபார்க்கும்போது தானாகவே கொஞ்சம் மேலே பார்ப்பார். வான்கோழிக்கு அகலம் குறைவு, உடம்பு மேலே, கால் ஒல்லி. அதனால் அங்கே விழுத்துவதைவிடப் பட வைப்பதுதான் கஷ்டம்.

இரும்பைப் பற்றி

சாதாரண மென் எஃகில் வெட்டிய உருவம் .22-க்குத் தாங்கும். பெரிய ரைஃபிளுக்குத் தாங்காது. குண்டு பட்ட இடமெல்லாம் குழி விழும். குழி விழுந்த தகடுதான் ரேஞ்சில் மிக ஆபத்தான பொருள். தட்டையான, கடினமான தகட்டில் பட்ட குண்டு நொறுங்கி, தகட்டின் முகத்தோடு ஒட்டியபடி பக்கவாட்டில் சிதறும். குழியில் பட்டால் அந்தச் சிதறல் கிண்ணத்தில் சுழன்று சுடுகிறவர் பக்கமே திரும்பி வரும். அதனால் பெரிய ரைஃபிளுக்கு, உலோகத்தின் கடினத்தைக் காட்டும் பிரினெல் அளவில் 400-க்கும் 500-க்கும் இடைப்பட்ட, தேய்மானம் தாங்கும் எஃகையே எடுக்கிறார்கள். அதைக்கூட வெட்டும்போதும் பாதத்தைப் பற்றவைக்கும்போதும் சூடேறிய இடம் இளகிவிடும். கால் உடைவது பெரும்பாலும் அந்த வெல்டிங் ஓரத்தில்தான். நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு பாதத்தையும் கையால் அசைத்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

ஒரே முகத்தில் அடி வாங்கிக்கொண்டே இருந்தால் நல்ல தகடுகூட மெல்ல வளையும். அடிபட்ட முகம் விரிவடைந்து முன்னால் புடைக்கும், ஓரங்கள் பின்னால் போகும். வளைந்த கடாவின் நான்கு காலும் மேடையில் ஒருசேர உட்காராது, லேசாகத் தட்டினால் 'கடகட' என்று ஆடும். இதற்கு மருந்து, அடுத்த போட்டியில் உருவத்தைத் திருப்பி மறுமுகத்தைக் காட்டுவதுதான். வலப்பக்கம் பார்த்த ஐந்து இனி இடப்பக்கம் பார்க்கும்.

பெயிண்ட் அழகுக்காக இல்லை. கறுப்பு ஸ்பிரே அடித்த கோழியின் மேல் குண்டு பட்டால், வெள்ளி நிறத்தில் ஈயப்பொட்டு பளிச்சென்று தெரியும். சுடுகிறவருக்குப் பக்கத்தில் தொலைநோக்கியோடு நிற்கும் ஸ்பாட்டர் "கழுத்துல பட்டுது அண்ணா, ஒரு கிளிக் இறக்குங்க" என்று, குறிக்கண்ணாடியின் திருகை ஒரு படி திருப்பச் சொல்வதெல்லாம் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான். பழைய பொட்டுகள் மேல் பெயிண்ட் அடிக்காவிட்டால் எது புதிது என்று அவருக்குத் தெரியாது. டர்பன் கடற்காற்றில் வைத்திருந்த இரும்பு ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும் என்பதால் நமக்குப் பெயிண்ட் இன்னொரு வகையிலும் அவசியம்.

கீழே போகும்போது

எவ்வளவு பழகிய ரேஞ்சாக இருந்தாலும், உருவம் நிறுத்த நடப்பதற்கு முன் நடுவர் துப்பாக்கிகள் எல்லாம் காலியா, போல்ட் (குண்டறையை மூடும் தாழ்) திறந்திருக்கிறதா என்று பார்த்து, "போகலாம்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் சுடும் கோட்டில் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. துடைக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது, ஸ்கோப் வழியாக எட்டிப் பார்க்கவும் கூடாது. திரும்பி வந்து ஆட்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டளை. கண்ணாடியும் காதடைப்பானும் பார்வையாளருக்கும் சேர்த்துத்தான்.

கடாவைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் புதிதாக வரும் பையன்களிடம் சொல்வது: "தம்பி, கடாவை மார்போட அணைச்சுத் தூக்கு, கையை நீட்டித் தூக்காதே." தடித்த தோல் கையுறை வேண்டும். குண்டு பட்ட விளிம்பில் ஈயமும் செப்பும் பிளேடுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிராய் (தணலில் சுட்ட இறைச்சி) தட்டைத் தொட வேண்டாம், ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டையோடு போய் அவர்களைத் தூக்கவும் வேண்டாம்.

டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். ஒன்று, விழுந்து புல்லில் கிடக்கும் தகட்டின் அடியில் சட்டென்று விரலை விடாதீர்கள். வெயில் பட்டுச் சூடாக இருக்கும் இரும்பின் ஓரம் பாம்புக்குப் பிடித்த இடம். பஃப் ஆடர் என்ற விஷப்பாம்பு மனிதர் வந்தாலும் நகராமல் அப்படியே படுத்திருக்கும். முதலில் ஒரு நீண்ட கம்பியால் தகட்டின் மறுவிளிம்பை உங்கள் பக்கமாகத் தூக்கிப் பாருங்கள், தகடு உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் தடுப்பாக நிற்கும். உண்ணி கடிக்கும் என்பதால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும் நல்லது, உண்ணிக் காய்ச்சல் லேசான விஷயம் இல்லை.

இரண்டாவது தீ. குளிர்காலத்தில் மாகாணத்தின் உட்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் புல் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். எஃகு உள்ளீடு கொண்ட குண்டு எஃகுத் தகட்டில் பட்டால் தீப்பொறி பறக்கும். அதோடு சூடான மலைக்காற்றும் வீசினால் சொல்லவே வேண்டாம். மேடையைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி, தண்ணீர்த் தொட்டியும் தீயடிக்கும் மட்டையும் ஏற்றிய ஒரு பக்கியை (பிக்கப் வண்டியை) பக்கத்திலேயே நிறுத்தி வைக்காமல் போட்டியைத் தொடங்கக் கூடாது. காந்தத்தில் ஒட்டும் குண்டை எந்த நல்ல ரேஞ்சும் அனுமதிக்காது. அது தகட்டையும் பாழாக்கும்.

தொடங்குவதற்கு

தென்னாப்பிரிக்காவில் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்க 2000-ம் ஆண்டின் 60-ம் எண் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழும், அதன்மேல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமமும் வேண்டும். பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்காக இளையவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்க்கும்போது அவருடைய துப்பாக்கியை இன்னொருவர் சுடச் சட்டம் இடம் தருகிறது. சாதாரணக் காற்றுத் துப்பாக்கியை இந்தச் சட்டம் சுடுகலனாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே பக்கத்து ரேஞ்சில் .22 போட்டி எப்போது என்று விசாரித்து, தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். துப்பாக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தோல் கையுறை, கண்ணாடி, காதடைப்பான், கணுக்கால் மூடும் காலணி, தொப்பி, தண்ணீர். ஒரு சின்ன ரசமட்டம் பையில் இருந்தால் இன்னும் நல்லது. நடுவரிடம் போய், "உருவம் நிறுத்த ஆள் வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் நடுவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நாலைந்து சுற்று அடுக்கி முடித்தபின் யாராவது ஒருவர் தன் ரைஃபிளை உங்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று, 40 மீட்டர் கோழியைக் காட்டுவார்.